குறுக்குமரத்தின் துளை

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது அவருடைய வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தபோதுதான். கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் தொடர்மாடியில் எல்லா மாடிகளும் ஒரே அச்சு. அதே தவிட்டு நிறக் கம்பளம், அதே மங்கல் விளக்கு, அதே வெங்காயம் வதங்கும் மணம். இரண்டு கையிலும் சாமான் பைகளோடு எலிவேற்றரில் ஏறியவள் ஒரு மாடி கூடப் போய் இறங்கிவிட்டேன். என் கதவுதான் என்று நினைத்து, சாவியைத் தேடுமுன் ஏதோ யோசனையில் முழங்கையால் கைபிடியை அழுத்தினேன். கதவு திறந்துகொண்டது. காலையில் பூட்டாமல் போய்விட்டேனே என்று நெஞ்சு திக்கென்றது.

உள்ளே, என் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி தேநீர்க் கோப்பையோடு இருந்தார். அவர் திடுக்கிடக்கூட இல்லை.

"வாங்க, இருங்க," என்றார்.

"ஐயோ சொறி, நான் வீடு மாறி வந்திட்டன்."

"அதுக்கென்ன. பை பாரமாக் கிடக்கு. வச்சிட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் வந்தேன். வரும்போது, "அன்ரி, கதவைப் பூட்டுங்கோ," என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் கைபிடியில் கையை வைத்துக்கொண்டு காத்து நின்றேன். அவர் எழும்பவே இல்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் பூட்டில் நம்பிக்கை உள்ளவள். பூட்டிவிட்டு எலிவேற்றர் வரை போய், திரும்பி வந்து கைபிடியை இழுத்துப் பார்த்த பிறகே வேலைக்குப் போவேன். என் கணவர் இதற்கு வாசல்பூசை என்று பெயர் வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவளுக்குத் தலைக்கு மேலே கதவு பூட்டாத ஒரு மனுசி. எங்கள் கட்டடம் பழையது. மேல்வீட்டில் பூட்டைத் திருகினால் அந்த 'ணங்' சுவர் வழியே இறங்கி எங்கள் வாசல் நிலையில் கேட்கும். பக்கத்து வீட்டு ணங் கேட்கும், எதிர்வீட்டு ணங் கேட்கும். மேலேயிருந்து மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேளாத சத்தத்துக்காகக் காத்திருந்தே எனக்குப் பல நாள் நித்திரை கெட்டிருக்கிறது.

கட்டடத்தில் எல்லோரும் அவரைப் பிரான்ஸ் அன்ரி என்றுதான் சொல்வோம். மட்டக்களப்புப் பக்கத்து ஆள். பிரான்சில் நெடுங்காலம் இருந்துவிட்டு, கணவர் இறந்த பின் மகளோடு கனடாவுக்கு வந்தவர். மகள் றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீட்டில் இருந்தாள். "அங்க கார் இல்லாட்டி ஒரு மனுசரையும் பாக்கேலா," என்று சொல்லிவிட்டு இவர் தனியாக இங்கே வந்துவிட்டார். அவருடைய சொந்தப் பெயரை, அவர் காலமான பிறகு இணையத்தில் வந்த மரண அறிவித்தலில்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தப் பெயர் வேறு யாருடையதோ போல இருந்தது. அதனால் அதை இங்கே எழுதவில்லை.

அவர் ஏன் பூட்டுவதில்லை என்பதற்குக் கட்டடத்தில் ஆளுக்கொரு கதை இருந்தது. காணாமல் போன மகன் வருவான் என்று பார்த்திருக்கிறார் என்றார்கள். மறதி வருத்தம் என்றார்கள். யாரோ சாத்திரம் பார்க்கிறவர் சொன்னதாம் என்றும் கேள்விப்பட்டேன். நான் எல்லாவற்றையும் கொண்டுபோய் அவரிடமே கொட்டினேன்.

"எனக்கு மகன் எண்டே ஒருத்தன் பிறக்கல்ல புள்ள," என்றார். "உங்கட யாழ்ப்பாணத்தில வீட்டவிட வேலி உசரம். அதுதான் உனக்கு விளங்குதில்ல."

வேலிக் கதையை எடுத்தால் எனக்குக் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

கோபத்துக்குக் காரணங்கள் வேறும் இருந்தன. கீழே தெருவாசலில் யாராவது பஸர் அடித்தால் எங்கள் தொலைபேசி ஒலிக்கும். ஆள் யாரென்று கேட்டுவிட்டு ஒன்பதை அழுத்தினால் வாசல் திறக்கும். இவர் கேட்கவே மாட்டார். ஒலித்தால் ஒன்பதுதான். ஒருமுறை குடித்துவிட்டு மாடி தடுமாறிய ஒருவன் இவருடைய கூடத்தில் வந்து படுத்துவிட்டான். இவர் போர்வையால் மூடிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். விடிய அவன் எழும்பி, கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனானாம். இதைப் பெருமையாக வேறு சொன்னார். இன்னொருமுறை வந்தவன் கோப்பை கழுவவில்லை, றீ.வி.யைத் தூக்கிக்கொண்டு போனான்.

"அவனுக்குப் பாக்க ஆசையா இருந்திருக்கும்," என்றார் அன்ரி.

அன்றைக்கு நான் அவரோடு கத்திச் சண்டை பிடித்தேன். உங்களுக்கு ஏதாவது நடந்தால் கீழே இருக்கிற நான்தானே முதலில் ஓடிவர வேண்டும், என் நெஞ்சு என்ன இரும்பா என்று கேட்டேன். கட்டடத்தைப் பார்க்கிற சூப்பரும் வந்து, சாவி தொலைந்திருந்தால் வேறு தருகிறேன் என்றார். அன்ரி அலுமாரியிலிருந்து ஒரு கடித உறையைக் கொண்டுவந்து காட்டினார். குடிவந்த நாளில் கொடுத்த சாவி, ஒட்டிய உறை பிரிக்காமலே உள்ளே கிடந்தது.

காரணம் அவருடைய சுவரில் இருந்தது. சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், பிள்ளையாருக்கு இடக்கைப் பக்கம், ஒரு கல்லுக் கட்டடத்தின் படம். முதலில் பார்த்தபோது நான் அதைப் பழைய நெல்லுக் களஞ்சியம் என்று நினைத்தேன். அது பிரான்சின் நடுப்பகுதியில், ஆட்களைவிட மாடுகள் கூடிய ஒரு கிராமத்தின் சிற்றாலயம். தொளாயிரம் வருடப் பழசு என்றார்.

"மாதா கோயில் எண்டா எங்கட ஊரிலயும் இருக்கு. உசரமா, கூரா. இது அப்பிடியில்ல புள்ள. குந்தியிருக்கும். வளைவெல்லாம் அரைவட்டம், கூர் எண்டது எங்கயும் இல்ல. சுவர் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அகலம். சன்னல் கையளவு."

அகதியாகப் போன அவரையும் கணவரையும் அரசாங்கம் அந்தக் கிராமத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது. பாசை தெரியாது. யாரும் கதைக்கவும் இல்லை. ஒரு பின்னேரம் வயல்பாதையில் நடந்தவரை ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் தெரிந்த அந்தக் கட்டடத்துக்கு ஓடினார். கதவில் ஒரு பெரிய இரும்பு வளையம். பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அதைப் பிடித்துத் தள்ளினார். திறந்தது. உள்ளே ஒரு கிழவி கூட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள். பிரெஞ்சில் அன்ரி கற்றுக்கொண்ட முதல் சொல் அது: 'ஓந்த்ரே'. உள்ளே வா என்று அர்த்தம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். அந்தச் சொல்லை நானும் அவரிடம்தான் கற்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அது ஒன்றுதான்.

அந்தக் கிராமத்துப் பெண்கள் முறைவைத்து ஆலயத்தைக் கூட்டுவார்களாம். அடுத்த வருடமே அன்ரிக்கும் ஒரு முறை கொடுத்துவிட்டார்கள். நீ எந்தச் சமயம் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டக் கூட்ட அதன் வரலாறும் அவருக்கு வந்து சேர்ந்தது. அதை ஒழுங்காக ஒருநாளும் சொன்னதில்லை. கீரை ஆயும்போது கொஞ்சம், எலிவேற்றருக்கு நிற்கும்போது கொஞ்சம். ஒரு மடத்திலிருந்து வந்த ஒற்றைத் துறவியும் ஊராரும் சேர்ந்து கட்டியது. வாசற்படி கால்பட்டுக் கால்பட்டு நடுவில் அம்மி போலத் தேய்ந்தது. ராசாவைக் கவிழ்த்த காலத்தில் சாமியை வெளியே போட்டுவிட்டு உள்ளே வைக்கோல் அடைத்தார்கள். பிறகு கூரை விழுந்தது. பிறகு ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்தியது.

எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த வளையம். அதைப் பிடித்தவனை யாரும் தொடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கமாம். பிரபுவின் மானைக் கொன்றான் என்று ஒருவனைக் குதிரைகளில் துரத்தி வந்தார்கள். அவன் ஓடிவந்து வளையத்தைப் பிடித்தான். குதிரைகள் நின்றுவிட்டன.

"பிறகு?"

"பிறகென்ன. ஊர் அவனுக்குச் சாப்பாடு குடுத்துது. அண்டு தொட்டு அந்தக் கதவு பூட்டுறல்ல."

நான் விடுவேனா? அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கிய முதல் மாதமே அந்தப் படத்தை நான் ஆராய்ந்திருந்தேன். திறந்திருந்த கதவுக்கு உட்பக்கம், சுவரில், சதுரமாக ஒரு துளையின் அடையாளம் தெரிந்தது. சிறு கற்களும் சுண்ணாம்பும் வைத்து அடைத்திருந்தார்கள். அது என்ன என்று கேட்டேன். கதவுக்குக் குறுக்கே மரம் போடுகிற துளை என்றார். சுவருக்குள் மரம் இருக்கும், இழுத்து மறுபக்கத்துச் சுவரில் செருகினால் யானை வந்தாலும் திறக்காது.

"பூட்டுறேல்லை எண்டுறியள். பிறகு என்னத்துக்கு அன்ரி துளை?"

ஒரு பேராசிரியர் மாணவர்களோடு அங்கே வந்தபோது அன்ரியும் இதையே கேட்டாராம். கட்டிய காலத்துத் துளைதான், கொள்ளைக்காரருக்குப் பயந்து வைத்திருப்பார்கள், பிறகு எப்போதோ அடைத்திருக்கிறார்கள், யார் ஏன் அடைத்தார்கள் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை என்றாராம் அவர்.

"அப்ப உங்கட ஊர்க்கதை பொய்."

"தெரியா புள்ள. தெரியாததத் தெரியாதெண்டுதான் சொல்லோணும். கதவு திறந்து கிடந்தது எனக்குத் தெரியும். நான் நனைஞ்சுபோய் வந்தன்."

அதற்கு மேல் அந்தத் துளையைப் பற்றி அவர் பேசமாட்டார். நானும் வெற்றி பெற்றவள் மாதிரித் திரிந்தேன். இப்படி ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே இருந்திருப்போம், துளசி வராமல் இருந்திருந்தால்.

துளசி வோபர்னில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையலறை வேலை செய்த பிள்ளை. அன்ரிக்கு முழங்கால் நோ கடுமையாக இருந்த காலத்தில் சோற்றுப் பார்சல் கொண்டுவருவாள். நான் அவளை ஓரிரு தரம் படியில் கண்டிருக்கிறேன். வாய் திறக்காத பிள்ளை. அவளுடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதோ, திருப்பி அனுப்ப நாள் குறித்ததோ அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை காலை, எனக்கு லீவு, மேலே இரண்டு சோடிக் கால்கள் நடக்கும் சத்தம் கேட்டது. ஒன்று அன்ரியின் இழுத்து வைக்கும் கால். மற்றது கூடத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓயாமல் போய்வந்தது. கொஞ்ச நேரத்தில் அன்ரி தொலைபேசி எடுத்தார்.

"புள்ள, ஒருக்கா மேல வா. ஒரு லோயரோட இங்கிலிசில கதைக்கோணும்."

துளசி ஒரு கைப்பையோடு நிலத்தில் இருந்தாள். அன்றைக்குப் பின்னேர விமானத்தில் அவளை ஏற்ற இருந்தார்கள். காலையில் அவளே அதிகாரிகளிடம் போய் ஆஜராக வேண்டும். பேருந்தில் ஏறியவள் பாதி வழியில் இறங்கி இங்கே வந்துவிட்டாள்.

"ஏன் இஞ்சை?" என்று கேட்டேன்.

"இந்தக் கதவு பூட்டுறல்ல எண்டு தெரியும் அக்கா," என்றாள்.

அவளுடைய லோயர் தொலைபேசியில் கொதித்தார். பயணத்தை நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறது, நேற்று விசாரணையும் முடிந்தது, முடிவு இன்று எந்த நேரமும் வரும், இப்படி ஒளித்துக்கொண்டு காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்றார். பிறகு சற்று அடங்கி, நான் கேட்டதற்கு விளக்கினார். அவளுடைய கோப்பில் அன்ரியின் முகவரியும் இருப்பதால் அவளைத் தேடி இங்கே ஆட்கள் வரக்கூடும். வீட்டுக்காரர் அனுமதித்தால் உள்ளே வருவார்கள். அனுமதிக்காவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு உத்தரவு வாங்கிக்கொண்டு வர வேண்டும். பொய் சொல்லக்கூடாது. ஆனால் உள்ளே வா என்று சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அவள் இப்போதே தன்னிடம் வெளிக்கிட்டு வருவதும் நல்லதில்லை, வழியில் பிடித்தால் முடிவு வருமுன் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், அசையாமல் இருக்கட்டும் என்றார்.

அன்ரிக்கு இதை நான் தமிழில் சொன்னேன். "உள்ளை வாங்கோ எண்டு மட்டும் சொல்லக்கூடாது அன்ரி. அவ்வளவுதான்."

உலகத்தில் யாரிடமும் கேட்கக்கூடிய உதவி அது. இவரிடம் மட்டும் கேட்கமுடியாதது. கதவில் நிழல் விழுந்தாலே வாங்க, இருங்க என்று வாய் தானாகச் சொல்லிவிடும் மனுசி.

நான் எழும்பிக் கதவைப் பூட்டப் போனேன். "வேணா," என்றார்.

"அன்ரி, பூட்டாத கதவு துரத்தி வாறவைக்கும் திறந்ததுதானே! உது உங்கடை கோயிலில்லை. இஞ்சை வளையமும் இல்லை, அதைப் பாத்து நிக்கிற குதிரையும் இல்லை."

"அவங்க கேட்டுத்தானே வருவாங்க எண்டு லோயர் சொன்னார்."

"கேட்டா நீங்கள் வாங்கோ எண்டிடுவியள்!"

துளசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய முழு வாழ்வும் ஒரு கிழவியின் நாக்கு நுனியில் இருந்தது. அது அவளுக்கும் விளங்கிவிட்டது.

என் கணவரிடமிருந்து அழைப்பு வந்தது. விசயத்தைச் சொன்னேன். "நீ உதுக்குள்ளை போகாதை. அம்மான்ரை பைல் இமிகிரேசனிலை கிடக்கு. உன்ரை பெயரைக் குறிச்சுக்கொண்டு போனால்?" என்றார். அவருடைய தாயை நாங்கள் ஸ்பொன்சர் செய்து வருடக்கணக்காகக் காத்திருந்தோம். அவர் சொன்னதில் பிழை இல்லை. கீழே போய்விடுவோம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்போது பஸர் ஒலித்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரி எடுத்து ஒன்பதை அழுத்திவிட்டார். அழுத்திய விரலை அவரே வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தார்.

"பழக்கம் புள்ள," என்றார் மெல்ல.

துளசியை உள்ளறைக்கு அனுப்பினோம். எலிவேற்றர் ஏறி வரும் இரைச்சல் கேட்டது. நான் செருப்போடு கூடத்தில் நின்றேன். போகவும் முடியவில்லை. இந்த மனுசியைத் தனியே விட்டால் அடுத்த நிமிடம் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கதவைத் தட்டினார்கள். அன்ரி போய்த் திறந்தார், எல்லோருக்கும் திறப்பது போல அகல. கறுப்பு மேலங்கி போட்ட ஒரு ஆணும் ஒரு பெண்ணும். பெண் அதிகாரி புன்னகைத்து, ஆங்கிலத்தில் ஒரு வணக்கமும் பிரெஞ்சில் ஒரு வணக்கமும் சொன்னாள். கனடாவில் அரசாங்க ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதை ஒரு பேச்சுக்குத்தான் சொல்வார்கள்.

ஆனால் அன்ரியின் முகம் மாறிவிட்டது. ஸ்காபரோவில் இத்தனை வருடத்தில் யார் அவரோடு பிரெஞ்சு கதைத்தது? முதுகு நிமிர்ந்தது. கண் பளபளத்தது. கடகடவென்று பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அதிகாரியும் மகிழ்ந்துபோய்ப் பதில் சொன்னாள். மொழிபெயர்க்க என்று நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த அந்த ஒற்றைச் சொல் எந்த நொடியும் வரப்போகிறது என்று அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓந்த்ரே. அது ஒன்று வந்தால் முடிந்தது.

அதிகாரி ஒரு தாளைக் காட்டினாள். சிரிப்பை நிறுத்தி, மரியாதையாக ஏதோ கேட்டாள். கேட்கும்போது அவள் கண் உள்ளே போய் வந்தது. என்ன கேட்டாள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்ரி வாயைத் திறந்தார். உதடு குவிந்தது. அந்தச் சொல்லுக்குத்தான் குவிந்தது, நான் சத்தியம் செய்வேன். பிறகு அவருடைய வலக்கை மெல்லப் போய்க் கதவின் கைபிடியைப் பிடித்தது. விரல் எலும்பு வெளுக்கும் அளவுக்குப் பிடித்தது.

இல்லை என்றார். பிரெஞ்சிலும் அது கிட்டத்தட்ட ஆங்கிலச் சொல்தான், கொஞ்சம் மூக்கால் வரும், அவ்வளவே. மிகவும் சின்னதாகச் சொன்னார். அதிகாரி மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னார். இம்முறை குரல் உடைந்தது.

ஆண் அதிகாரி என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாமியின் பைல் கண்ணுக்குள் வந்து போனது. "கீழ்வீட்டுக்காரி," என்று சொல்லி என் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். தேவையான உத்தரவைப் பெறும்வரை இங்கேதான் நிற்போம் என்று சொல்லிவிட்டு இருவரும் எலிவேற்றர் பக்கம் போனார்கள்.

அன்ரி கதவைச் சாத்தினார். பிறகு பூட்டைத் திருகினார். ணங்.

நான் வருடக்கணக்காகக் கேட்க ஏங்கிய சத்தம். கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் பிரம்பு நாற்காலியில் போய் இருந்தார்.

"வாசலுக்கு வந்த ஆக்கள்," என்றார். "ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கல்லியே."

"இப்ப உது ஒண்டுதான் குறை!"

"உள்ளுக்க விடேலாது. சரி. வெளியில குடுக்கலாந்தானே?"

ஊற்றியே விட்டார். கொண்டுபோக நான்தான். தட்டத்தோடு வெளியே வந்ததும் எனக்குப் பின்னால் மறுபடியும் ணங். வழிநடையில் அதிகாரிகளும் நானும் மூன்று பேரும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றோம். ஆண் வேண்டாம் என்று தலையசைத்தார். பெண் எடுத்துக்கொண்டாள். தானும் சின்ன ஊர்க்காரிதான், அந்த அம்மா சொன்ன ஆலயத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றாள். நல்ல பெண். உத்தரவு கிடைத்தால் அடுத்த கணமே உள்ளே போய்த் துளசியைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். இரண்டும் உண்மை.

நான் தட்டி, அன்ரி திறக்க, உள்ளே திரும்பினேன். உத்தரவுக்கு முந்தியது லோயரின் அழைப்பு. நீதிமன்றம் பயணத்தை நிறுத்திவிட்டது. அந்தப் பக்கம் அவர்களுடைய தொலைபேசியும் ஒலித்திருக்க வேண்டும். நான் கதவைத் திறந்து பார்த்தபோது அவர்கள் இல்லை. வெறும் கோப்பை வாசலில் கவிழ்த்து வைத்திருந்தது. துளசி உள்ளறை வாசலில் அப்படியே குந்திவிட்டாள். அன்ரியின் காலைக் கட்டிக்கொண்டு அவள் அழுத சத்தம் கீழே எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும்.

நிறுத்தியதுதான், முடிந்ததில்லை. வழக்கு மறுபடி முதலிலிருந்து போக வேண்டும். துளசி அதிகாரிகளிடம் ஒழுங்காகப் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டு அன்ரியோடு இருந்தாள். அந்த மாதங்களில் அன்ரி கதவைப் பூட்டினார். ஒட்டிய உறையைக் கிழித்துச் சாவியை வெளியே எடுத்தார். பஸர் அடித்தால் ஆர் என்று கேட்டார். தட்டினால் கண்ணாடித் துளையால் பார்த்தார். நான் போனாலும், "ஆர், நீயா புள்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டைத் திருகுவார். உள்ளே வந்தால் பழைய பேச்சு இல்லை. வரலாறு இல்லை. வேலிப் பகிடி இல்லை. பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்த படத்தை அவர் நிமிர்ந்து பார்த்து நான் காணவில்லை.

ஒவ்வொரு மாலையும் என் தலைக்கு மேல் ணங் கேட்டது. நான் அதை வெறுத்தேன். துளசிக்கு அது வேண்டியிருந்தது, அதுவும் தெரியும். யாராவது கதவைத் தட்டினால் அந்தப் பிள்ளை கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். அவளுக்காகத்தான் பூட்டினார். ஆனால் பூட்டிப் பூட்டி அவர் என்னைப் போல ஆகிக்கொண்டிருந்தார். என்னைப் போல ஒருத்தி அந்தக் கட்டடத்துக்குப் போதும்.

துளசிக்கு இங்கேயே இருக்கலாம் என்று முடிவு வந்தது அடுத்த பனிக்காலம் முடிகிற நேரம். எங்கள் மாமியும் அதற்கு முன்னரே வந்துசேர்ந்துவிட்டார். என் பெயரை எழுதிக்கொண்டு போனதால் ஒன்றும் ஆகவில்லை. துளசி வோபர்னில் ஒரு அறை எடுத்தாள். ஒரு ஞாயிறு பின்னேரம் பெட்டியோடு போனாள். நான் எலிவேற்றர் வரை போய் வழியனுப்பினேன்.

அன்று மாலை சமையலை விட்டுவிட்டு என் வாசலில் நின்றேன். வழக்கமான நேரம் வந்தது. பக்கத்து வீட்டு ணங் கேட்டது. எதிர்வீட்டு ணங் கேட்டது. மேலே ஒன்றும் இல்லை. நித்திரை வரும்வரை காதைக் கொடுத்துக்கொண்டே கிடந்தேன். பழக்கத்தில் பூட்டியிருப்பாரோ, எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று பயமாக இருந்தது.

காலையில் முதல் வேலையாக மேலே போனேன். தட்டவில்லை. முழங்கையால் கைபிடியை அழுத்தினேன்.

"வா புள்ள, இரு," என்றார். பிரம்பு நாற்காலி, தேநீர்க் கோப்பை. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்த இடத்தில் விரலுக்கு ஏதோ ஈரமாகத் தட்டுப்பட்டது.

பார்த்தேன். பூட்டின் நாக்கு போய் விழுகிற துளை, கதவு நிலையில் இருந்தது, இப்போது இல்லை. சுவர் வெடிப்புக்குப் பூசுகிற வெள்ளைப் பசையால் அதை நிரப்பி மட்டமாகத் தடவியிருந்தது. இனி எத்தனை தரம் திருகினாலும் இந்தக் கதவு பூட்டாது.

"என்ன அன்ரி செய்து வைச்சிருக்கிறியள்!"

"நானில்ல புள்ள. போகக்குள்ள அவள்தான் செஞ்சிட்டுப் போனாள். நான் கேக்கவும் இல்ல." அவர் எழும்பி, காலை இழுத்து இழுத்து என்னருகே வந்தார். சுவரிலிருந்த படத்தைக் கண்ணால் காட்டினார். "அந்தத் துளை என்னத்துக்கெண்டு கேட்டுக் கேட்டு என்ட உசிர வாங்கினாயே. உள்ளுக்க ஒரு ஆள் இருந்தா மரத்தப் போட்டிருப்பாங்க. அதுக்குத்தான் துளை."

"பிறகு அடைச்சது?"

"அது ஆரெண்டு எழுதி வைக்கல்ல எண்டாரே, அந்தப் பேராசிரியர்." அன்ரி குனிந்து கதவு நிலையைப் பார்த்தார். "உள்ளுக்க இருந்த ஆளாத்தான் இருக்கும்."

வெள்ளைப் பசையின் நடுவில், அழுத்திய இடத்தில், துளசியின் பெருவிரல் பதிந்திருந்தது. அது இன்னும் முழுதாகக் காயவில்லை.